ஆன்லைனில் பொது சுகாதாரம், மருத்துவ ஆராய்ச்சி முதுகலை: புதிதாகச் சேர்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றில் பொது சுகாதார முதுகலையை ஆன்லைனில் முடித்தவள் நான். அதன் பிறகு ஒவ்வொரு ஆகஸ்ட், செப்டம்பரிலும் புதிதாகச் சேரும் நர்ஸ்கள், டாக்டர்கள், மருந்தாளுநர்கள், ஆய்வகப் பணியாளர்கள் போனிலும் மெசேஜிலும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பாதி படிப்பைப் பற்றியவை. மீதி, செய்தியில் வரும் மருத்துவ ஆராய்ச்சிகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பற்றியவை. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, கிளாஸ் தொடங்க இன்னும் ஒரு மாசம் இருக்கு. இப்பவே என்ன படிச்சு வைக்கலாம்?

தடிமனான புள்ளியியல் புத்தகம் எதையும் வாங்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு மருத்துவச் செய்தியை எடுத்துக்கொண்டு, அது எந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது என்று தேடிப் பிடியுங்கள். புரிகிறதோ இல்லையோ, ஒருமுறை முழுசாகப் புரட்டிப் பாருங்கள். முதல் பருவத்தில் உங்களிடம் எதிர்பார்க்கும் திறமையில் பெரும்பகுதி இதுதான்: யாரோ சொன்னதிலிருந்து மூலத்துக்குப் போய், அங்கே உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது.

கூடவே ஒரு வேலை. பல்கலைக்கழக மின்னஞ்சலும் நூலக உள்நுழைவும் வேலை செய்கின்றனவா என்று இப்போதே சோதித்துவிடுங்கள். கிளாஸ் தொடங்கிய முதல் வாரத்தில் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

வேலைக்கும் போறேன், குழந்தையும் இருக்கு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கணும்?

பிரிட்டனில் ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. முழு முதுகலைக்கு 180 கிரெடிட், டிப்ளமோவுக்கு 120, சான்றிதழுக்கு 60. அப்படியானால் 20 கிரெடிட் பாடம் 10 வாரம் நடந்தால், வாரத்துக்கு 20 மணி நேரம். வீடியோ பார்ப்பது, வாசிப்பது, விவாதப் பலகையில் எழுதுவது, அசைன்மென்ட் எல்லாம் இதற்குள் அடக்கம்.

இரவுப் பணி பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது: ஒரே நேரத்தில் இரண்டு பாடம் எடுக்காதீர்கள். பெரும்பாலான ஆன்லைன் படிப்புகளை இழுத்து முடிக்கச் சில வருடம் தருகிறார்கள். சான்றிதழோடு நிறுத்திவிட்டுப் பிறகு தொடரவும் பல இடங்களில் வழி உண்டு. சேரும்போதே அந்த விதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

லைவ் கிளாஸ் சாயங்காலம் 5 மணின்னு போட்டிருக்கு. அது யாரோட சாயங்காலம்?

லண்டனின் சாயங்காலம். கோடையில் இந்தியா, இலங்கை நேரம் லண்டனைவிட நாலரை மணி நேரம் முந்தியது, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். அதனால் செப்டம்பரில் உங்களுக்கு இரவு 9:30க்கு இருந்த கிளாஸ், அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு 10:30க்குப் போய்விடும். துபாயில் இருந்தால் வித்தியாசம் மூன்று மணி, பிறகு நாலு மணி.

சமர்ப்பிக்கும் கடைசி நேரமும் லண்டன் நேரம்தான். மார்ச் கடைசி ஞாயிறில் கவனமாக இருங்கள். நண்பகல் 12 என்பது அதுவரை நமக்கு மாலை 5:30. அன்றிலிருந்து 4:30. ஒரு மணி நேரம் கைவிட்டுப் போகும்.

மருத்துவ ஆராய்ச்சிச் செய்திகளை எங்க படிக்கிறது? எல்லா பேப்பர்லயும் ஒரே மாதிரி இருக்கே?

ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகமோ ஆய்விதழோ ஒரு செய்திக்குறிப்பு வெளியிடும். ‘இந்த நாள், இந்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது’ என்ற நிபந்தனையோடு அது பத்திரிகையாளர்களுக்கு முன்கூட்டியே போகும். அந்த நேரம் வந்ததும் எல்லா இடத்திலும் ஒன்றாக வரும். வாக்கியங்கள்கூடப் பல சமயம் அதே வாக்கியங்கள்.

அந்தக் குறிப்பிலேயே மிகைப்படுத்தல் தொடங்கிவிடுகிறது என்பதை கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 2014இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் வந்த கட்டுரை அது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். 40 சதவீதக் குறிப்புகளில், மக்களுக்கான அறிவுரை மூலத்தில் இருந்ததைவிட மிகையாக இருந்தது. தவறு எப்போதும் நிருபருடையது என்று நினைப்பவர்கள் இதை வாசிக்க வேண்டும்.

எங்கே படிப்பது என்றால், பிஎம்ஜேயின் செய்திப் பகுதி, நேச்சர் அறிவியல் இதழின் செய்திப் பகுதி, ஸ்டாட் என்ற அமெரிக்க மருத்துவச் செய்தித் தளம் ஆகிய மூன்றும் நல்ல தொடக்கம். ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்டிருந்தால் அந்தச் செய்திக்கு யாரோ உழைத்திருக்கிறார்கள்.

செய்தியில ‘ஆய்வில் தெரியவந்துள்ளது’ன்னு மட்டும்தான் இருக்கு. அந்த ஆய்வை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளம் போதும். இலவசம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிறது. செய்தியிலிருந்து நாலு விஷயத்தைப் பொறுக்குங்கள்: நோய், சிகிச்சை, இடம், ஆய்விதழ்.

ஒரு உதாரணத்தை இந்தப் பக்கம் முழுக்கக் கூடவே எடுத்துச் செல்கிறேன். 2023 ஆகஸ்டில் ‘நல்ல சாப்பாடு காசநோயை 39 சதவீதம் குறைக்கிறது’ என்ற பொருளில் இந்தியாவெங்கும் செய்தி வந்தது. ஜார்க்கண்ட், காசநோய், ஊட்டச்சத்து, லான்செட் என்ற நாலு சொல்லையும் ஆங்கிலத்தில் பப்மெட்டில் அடியுங்கள். ‘ரேஷன்ஸ்’ என்ற பெயர் கொண்ட ஆய்வு வந்து நிற்கும். மங்களூருவின் ஏனப்போயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா தலைமையில் நடந்தது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது.

தேடும்போது ஒன்று கவனிப்பீர்கள்: அங்கே இரண்டு கட்டுரைகள் இருக்கும். ஒன்று லான்செட்டில், இன்னொன்று லான்செட் குளோபல் ஹெல்த்தில். செய்திகள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டன. இந்தக் குழப்பத்துக்குக் கீழே திரும்ப வருவோம்.

கட்டுரையைத் திறந்தா ஆயிரக்கணக்குல பணம் கேக்குது. கட்டணுமா?

கட்டாதீர்கள். முதலில் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக உள்நுழைந்து அதே கட்டுரையைத் தேடுங்கள். நீங்கள் ஆன்லைன் மாணவர் என்பதால் நூலக உரிமை குறைந்துவிடாது. வளாகத்தில் இருப்பவருக்குத் திறக்கும் மின்னிதழ்கள் பெரும்பாலும் உங்களுக்கும் திறக்கும். திறக்காவிட்டால் உங்கள் துறைக்கான நூலகருக்கு எழுதுங்கள். வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவது அவர்களின் அன்றாட வேலை.

நூலகக் கணக்கு இன்னும் வரவில்லை என்றால் பப்மெட் சென்ட்ரலில் இலவசப் பிரதி இருக்கிறதா பாருங்கள். ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேட்டாலும் பலர் அனுப்புகிறார்கள். இந்தியாவில் அரசுக் கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழி: 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அடக்கம். உங்கள் நிறுவனத்துக்கு இணைப்பு இருக்கிறதா என்று அங்குள்ள நூலகரிடம் கேளுங்கள்.

அப்ஸ்ட்ராக்ட் மட்டும் படிச்சா போதாதா? 12 பக்கம் படிக்க நேரமில்ல.

எந்தக் கட்டுரையைப் படிப்பது என்று முடிவெடுக்க அப்ஸ்ட்ராக்ட், அதாவது கட்டுரையின் தலைப்பகுதியில் வரும் சுருக்கம், போதும். அசைன்மென்டில் மேற்கோள் காட்டப் போதாது.

ரேஷன்ஸ் கட்டுரையையே பாருங்கள். செய்தியைப் படித்தவர், ஒரு குழுவுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்கு எதுவும் கொடுக்கவில்லை என்று நினைப்பார். ஆய்வை எப்படி நடத்தினார்கள் என்று சொல்லும் மெத்தட்ஸ் பகுதியைப் படித்தால் வேறு படம் கிடைக்கும். ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் 28 காசநோய்ப் பிரிவுகளை ரேண்டமாக இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கத்திலும் எல்லா நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுக் கூடை கிடைத்தது: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். வித்தியாசம் நோயாளியின் குடும்பத்தாருக்குத்தான். ஒரு பக்கத்தில் வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை கிடைத்தது. மறுபக்கத்தில் குடும்பத்துக்கு அது இல்லை. ஆக, லான்செட் கட்டுரை கேட்ட கேள்வி ‘சாப்பாடு நோயாளியைக் குணமாக்குமா’ என்பதே கிடையாது. ‘ஒரே வீட்டில் இருப்பவருக்கு நோய் வராமல் தடுக்குமா’ என்பதுதான்.

நேரம் குறைவு என்றால் மெத்தட்ஸ், முதல் இரண்டு அட்டவணை, பிறகு முடிவுகள் என்ற வரிசையில் படியுங்கள். ஆசிரியர்களின் விளக்கத்தைக் கடைசியில் வையுங்கள். அவர்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன் உங்கள் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

39 சதவீதம் குறையுதுன்னா, 100 பேர்ல 39 பேர் தப்பிச்சாங்கன்னு அர்த்தமா?

இல்லை. என்னிடம் வரும் கேள்விகளிலேயே மிக முக்கியமானது இதுதான், அதனால் பொறுமையாகப் பார்ப்போம். கூடுதல் உணவு பெறாத குடும்பங்களில் 4,712 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. அதாவது 2.6 சதவீதம். உணவு பெற்ற குடும்பங்களில் 5,602 பேரில் 96 பேருக்கு. 1.7 சதவீதம். நூறு பேரில் வித்தியாசம் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. ஏறக்குறைய 110 பேருக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம்.

இதைக் கேட்டதும் சிலர் ‘அவ்வளவுதானா’ என்பார்கள். அப்படித் தள்ளிவிடாதீர்கள். 110 பேர் என்பது சுமார் 30 குடும்பம். அரிசியும் பருப்பும்தான் செலவு. காசநோய் ஒருவருக்கு வந்தால் ஆறு மாத மருந்து, இழந்த கூலி, வீட்டில் அடுத்தவருக்குத் தொற்றும் ஆபத்து. சிறிய வித்தியாசம் பெரிய பலனா இல்லையா என்பதை நோயும் செலவும்தான் தீர்மானிக்கும். அந்தத் தீர்ப்பைச் சொல்வதற்குத்தான் 39 சதவீதம், நூறில் ஏறக்குறைய ஒருவர் என்ற இரண்டு எண்ணும் தேவை. அசைன்மென்டில் ஒன்றை மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையும். குறைப்பது நியாயமும்கூட.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.7ஐ 2.6ஆல வகுத்தா 0.65 வருது. அப்போ 35 சதவீதம்தானே? 39 எங்கிருந்து வந்துச்சு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு ஆய்வகப் பணியாளர். கணக்குப் போட்டுப் பார்த்ததற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கட்டுரையில் இருக்கும் எண் 0.61. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.39, அதுதான் 39 சதவீதம். அந்த 0.61 வெறும் ஆள் கணக்கைக் கொண்டு வகுத்தது அன்று. ஒவ்வொருவரையும் எவ்வளவு காலம் கண்காணித்தார்கள் என்பதைச் சேர்த்த விகிதம். இரு குழுவுக்கும் இடையில் இருந்த மற்ற வேறுபாடுகளையும் புள்ளியியல் முறையில் சரிசெய்திருக்கிறார்கள். ஆளை ஆளாகப் பிரிக்காமல் காசநோய்ப் பிரிவுகளாகப் பிரித்ததால் அதற்கும் கணக்கில் இடம் கொடுக்க வேண்டும். அதனால் கைக்கணக்கும் கட்டுரைக் கணக்கும் கொஞ்சம் விலகி நிற்பது சகஜம். ரொம்ப விலகி நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், 0.61க்குப் பக்கத்தில் 0.43 முதல் 0.85 வரை என்று ஒரு கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் இருக்கும். உண்மையான பலன் 57 சதவீதமாகவும் இருக்கலாம், 15 சதவீதமாகவும் இருக்கலாம் என்று ஆய்வே ஒப்புக்கொள்கிறது. செய்தியில் இந்த வரி வருவதே இல்லை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் வர வேண்டும்.

பி மதிப்பு 0.05க்குக் கீழ இருந்தா உண்மை, மேல இருந்தா பொய். சரிதானே?

சரியில்லை. சிகிச்சைக்குப் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரிதோ தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் பி மதிப்பு சொல்கிறது. பலன் எவ்வளவு பெரியது என்று அது சொல்லாது. அதற்கு மேலே சொன்ன கான்ஃபிடன்ஸ் இன்டர்வலைப் பாருங்கள்.

அதே செய்தியில ‘எடை கூடினா மரணம் 61 சதவீதம் குறையும்’னும் இருந்துச்சே. அப்போ சாப்பாடுதானே உயிரைக் காப்பாத்துது?

இது இரண்டாவது கட்டுரையிலிருந்து வந்தது, லான்செட் குளோபல் ஹெல்த்தில் வெளியானது. சிகிச்சை தொடங்கி இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. எண் சரி. ஆனால் மேலே சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: எல்லா நோயாளிகளுக்கும் உணவு கிடைத்தது. 2,800 பேருக்கும். உணவு கிடைக்காத நோயாளிக் குழு என்று ஒப்பிட ஒன்று இல்லை.

எடை கூடியவர்கள் ஏன் கூடினார்கள்? உணவு காரணமாக இருக்கலாம். தொடக்கத்திலேயே நோய் மிதமாக இருந்ததால், மருந்து நன்றாக வேலை செய்ததால், பசி திரும்பியதாலும் இருக்கலாம். அதே காரணங்கள் உயிரையும் காத்திருக்கலாம். எடை கூடாத நோயாளியை உடனே கவனிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கட்டுரை வலுவான ஆதாரம். உணவுக் கூடைதான் இத்தனை மரணத்தைத் தடுத்தது என்று நிரூபிக்க இது மட்டும் போதாது. ஒரே களம், ஒரே ஆய்வாளர்கள், ஒரே மாதம், ஆனால் ஒரு கட்டுரையில் காரணம் பேசலாம், மற்றதில் தொடர்பு மட்டும் பேசலாம். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது.

எலிக்கு வேலை செஞ்ச மருந்து நமக்கும் வேலை செய்யும்தானே?

பல மருந்துகள் எலியைத் தாண்டுவதில்லை. மேலே சொன்ன கார்டிஃப் ஆய்வில் இதற்கும் ஒரு எண் உண்டு. விலங்கு ஆய்வை மனிதருக்கானதாகச் செய்திக்குறிப்பு மிகைப்படுத்தியபோது, 86 சதவீதச் செய்திகளும் மிகைப்படுத்தின. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10 சதவீதம்தான். தலைப்பைப் படித்ததும் ‘யாருக்கு?’ என்று முதலில் கேளுங்கள்.

ப்ரீபிரிண்ட்டை மேற்கோள் காட்டலாமா? காட்டினா டியூட்டர் திட்டுவாரா?

காட்டலாம், அது ப்ரீபிரிண்ட் என்று வெளிப்படையாகச் சொன்னால். மருத்துவ ப்ரீபிரிண்ட்டுகளுக்கான மெட்ஆர்க்கைவ் தளம் 2019 ஜூனில் தொடங்கியது. அடுத்த வருடம் கோவிட் வந்ததும் மருத்துவ உலகமே அங்கே போய் நின்றது. சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன் வெளியாகும் கட்டுரைகள்தான் ப்ரீபிரிண்ட்டுகள்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் கதையைப் பாருங்கள். கோவிட் நோயாளிகளிடம் மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வின் முடிவு 2020 ஜூன் 16இல் செய்திக்குறிப்பாக வந்தது. சில நாளில் ப்ரீபிரிண்ட். ஜூலை 17இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் கட்டுரை. மூன்றும் ஒரே முடிவைத்தான் சொன்னன. எல்லா ப்ரீபிரிண்ட்டுக்கும் அப்படி அமையாது. சமர்ப்பிக்கும் முன், அது இதழில் வந்துவிட்டதா என்று ஒருமுறை தேடுங்கள். வந்திருந்தால் அதையே காட்டுங்கள்.

லான்செட்ல வந்தா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்ல?

2020 மே 22இல் லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,000க்கும் மேற்பட்ட கோவிட் நோயாளிகள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்தவர்கள் அதிகம் இறந்தார்கள் என்றது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அந்த மருந்தின் பகுதியை நிறுத்திவைத்தது.

மாட்டிக்கொண்டது எப்படித் தெரியுமா? ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் 73 பேர் இறந்ததாகத் தரவு சொன்னது. அந்த நாட்டிலேயே மொத்தம் அதுவரை இறந்தது 67 பேர். மற்ற ஆய்வாளர்கள் தரவைக் கேட்டார்கள். சர்ஜிஸ்ஃபியர் என்ற அந்தத் தரவு நிறுவனம் தணிக்கைக்குக் கொடுக்க மறுத்தது. ஜூன் 4இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்து கோவிட்டுக்குப் பலன் தரவில்லை என்று பிறகு ரெகவரி ஆய்வு காட்டியது வேறு விஷயம். சரியான முடிவுக்குத் தவறான ஆதாரம் ஆதாரமாகாது.

திரும்பப் பெற்ற கட்டுரைகள் பப்மெட்டில் பக்கத்தின் தலையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளமும் இலவசம். உங்கள் மேற்கோள் பட்டியலை சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வீட்ல எல்லாரும் செய்தியை அனுப்பி ‘இந்த மாத்திரை எடுக்கலாமா’ன்னு என்னைத்தான் கேக்குறாங்க. என்ன சொல்றது?

‘டாக்டரைக் கேளுங்கள்’ என்று சொல்லுங்கள், ஆனால் ஏன் என்றும் சொல்லுங்கள். டெக்ஸாமெத்தசோனையே எடுத்துக்கொள்வோம். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தார்கள். ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2லிருந்து 23.3. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களில் மருந்து எடுத்தவர்கள் 17.8 சதவீதம் இறந்தார்கள், எடுக்காதவர்கள் 14 சதவீதம். அந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். பலன் இல்லை என்பது மட்டும் தெளிவு.

‘ஸ்டீராய்டு உயிர் காக்கும்’ என்ற தலைப்பில் இந்த மூன்று வரியும் இல்லை. 2021இல் இந்தியாவின் இரண்டாவது அலையில், லேசான கோவிட்டுக்கும் வீட்டிலேயே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடலில் கருப்புப் பூஞ்சை பரவியதை மருத்துவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள். கேட்பார்கள்.

ஏஐகிட்ட கொடுத்துக் கட்டுரையைச் சுருக்கிக்கலாமா?

முதலில் உங்கள் பாடத்தின் விதியைப் படியுங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில் அனுமதி இருக்கும், அடுத்ததில் இருக்காது. பயன்படுத்தினால் எதற்கு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லும் இடங்கள் உண்டு.

விதி அனுமதித்தாலும், அது தரும் மேற்கோள்களை நேரடியாக ஒட்டாதீர்கள். இல்லாத கட்டுரைக்கு அச்சு அசலான தலைப்பும் ஆசிரியரும் கொடுத்துவிடும். ஒவ்வொன்றையும் பப்மெட்டில் தேடுங்கள். அப்புறம், மேலே இரண்டு ரேஷன்ஸ் கட்டுரையைப் பிரித்துப் பார்த்தோமே, அந்த வேலையை நீங்களே செய்து பழகவில்லை என்றால் ஆய்வறிக்கைப் பருவத்தில் திணறுவீர்கள்.

டர்னிடின்ல 28 சதவீதம் காட்டுது. காப்பின்னு ஃபெயில் பண்ணிடுவாங்களா?

டர்னிடின் என்ற மென்பொருள் காட்டும் அந்த எண், உங்கள் எழுத்துக்கும் ஏற்கெனவே வெளியான எழுத்துக்கும் உள்ள ஒற்றுமையின் அளவு. மேற்கோள் பட்டியலும் கேள்வித்தாளின் வரிகளும் சேர்ந்தே அவ்வளவு வரலாம். அறிக்கையைத் திறந்து நிறம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பத்தி முழுக்க ஒரே நிறம் என்றால் அதைத் திரும்ப எழுதுங்கள். சொல்லை மட்டும் மாற்றுவது போதாது. மூலத்தை மூடிவைத்துவிட்டு, புரிந்ததை முதலில் தமிழில் குறித்து, அதிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நம்மவர்கள் பலருக்கு இது கைகொடுத்திருக்கிறது. எழுத்துப் பயிற்சிக்கென்று பல்கலைக்கழகத்தில் தனிப் பிரிவு இருக்கும். ஆன்லைனிலேயே சந்திப்பு கிடைக்கும்.

அப்பா ஐசியூல இருக்கார். அசைன்மென்ட் தேதி நாலு நாள்ல. யார்கிட்ட கேக்குறது? கேட்டா தப்பா நினைப்பாங்களா?

தப்பாக நினைக்க மாட்டார்கள். இன்றே கேளுங்கள். தேதிக்கு முன் கேட்டால் அது நீட்டிப்பு, பெரும்பாலும் ஒரு படிவத்தோடு முடிந்துவிடும். தேதி கழிந்து கேட்டால் அது சிறப்புச் சூழ்நிலை விண்ணப்பம். குழு கூடும், ஆதாரம் கேட்கும், நாளாகும்.

பாட நிர்வாகிக்கும் உங்கள் தனி டியூட்டருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். மாணவர் எண், பாடத்தின் பெயர், எந்த அசைன்மென்ட், என்ன நடந்தது, எத்தனை நாள் வேண்டும். ஐந்து வரி போதும். வீட்டு விவரம் எல்லாம் எழுதவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். மருத்துவமனைச் சீட்டு பிறகு அனுப்புகிறேன் என்று சொன்னால் போதும். நம் ஊரில் ‘சாரைத் தொந்தரவு பண்ணக் கூடாது’ என்று வளர்ந்தவர்கள் இந்த மின்னஞ்சலை எழுதாமல் விட்டே பாடத்தை இழக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. இந்த உதவிக்கும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள்.

சூழ்நிலை நீளும் என்றால் படிப்பைச் சில மாதம் நிறுத்திவைத்துத் தொடரலாம். உங்களுக்கே நாள்பட்ட நோய், பார்வைக் குறைபாடு, டிஸ்லெக்ஸியா இருந்தால் அது தனி. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டப்படி பல்கலைக்கழகம் உங்களுக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும். சேர்ந்த வாரமே மாற்றுத்திறனாளி சேவைப் பிரிவுக்கு எழுதுங்கள்.

ஆய்வறிக்கைக்கு எங்க ஆஸ்பத்திரி நோயாளிங்க கேஸ் ஷீட்டை எடுத்துக்கலாமா? பேரை அடிச்சுட்டா சரிதானே?

பெயரை அடிப்பது போதாது. சிறிய ஊரில் வயது, தெரு, நோய், மருத்துவமனையில் சேர்ந்த தேதி இருந்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். இரண்டு அனுமதி வேண்டும்: பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுடையதும், உங்கள் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுடையதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் பழைய கோப்புகளைக் கொண்டு செய்யும் ஆய்வுக்கும் பொருந்தும். அனுமதி கிடைக்கும்முன் ஒரு கோப்பைக்கூடத் திறந்து குறிக்காதீர்கள். இரண்டு குழுவும் கூடச் சில மாதம் ஆகலாம். அவ்வளவு நேரம் இல்லை என்றால் முறையான இலக்கிய மீளாய்வைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு நோயாளி தேவையில்லை, மேலே சொன்ன தேடல் வேலை முழுக்க அங்கே பயன்படும்.

இதை முடிச்சா லண்டன் விசா கிடைக்குமா? இங்க எம்டிக்குச் சமமா?

முழுக்க ஆன்லைன் படிப்புக்கு பிரிட்டன் மாணவர் விசா கிடையாது. படிப்பு முடித்தபின் அங்கே தங்கி வேலை தேடும் விசாவும் இதை வைத்துக் கிடைக்காது. எம்டிக்குச் சமமும் இல்லை. நோயாளிக்குச் சிகிச்சை தரும் தகுதி எதையும் இது கூட்டாது.

பொது சுகாதார நிறுவனங்கள், ஆய்வுத் திட்டங்கள், மருந்து ஆராய்ச்சி நிறுவனங்களில் இது உதவும். அரசு வேலைக்கோ பிஎச்டிக்கோ பயன்படுத்த நினைத்தால், கட்டணம் கட்டும் முன் அந்த அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது எதற்கும் உதவாது.

என் ஆய்வறிக்கையை ஒரே வாரத்துல பிரசுரிக்கிறோம்னு ஒரு ஜர்னல் மெயில் அனுப்பியிருக்கு. ரொம்ப மரியாதையா எழுதியிருக்காங்க. அனுப்பட்டுமா?

அனுப்பாதீர்கள். நேர்மையான சக ஆய்வு ஒரு வாரத்தில் முடிவது மிக அரிது. அந்த இதழ் டிஓஏஜே என்ற திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலில் இருக்கிறதா, பப்மெட்டில் அதன் கட்டுரைகள் வருகின்றனவா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் சொந்தப் பக்கத்திலும் அந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். நீங்கள் பதில் போடாவிட்டால் அந்த இதழ்காரர்களே இரண்டு மூன்று முறை நினைவூட்டுவார்கள். பிரசுரக் கட்டணத்தில் தள்ளுபடியும் தருவார்கள். ஒருமுறை அங்கே போன கட்டுரையை வேறு நல்ல இதழ் எடுத்துக்கொள்ளாது.

உங்கள் ஆய்வறிக்கை வழிகாட்டியிடம் எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று கேளுங்கள். அவர் பெயரையும் ஆசிரியராகச் சேர்ப்பதா என்பதை அதே மின்னஞ்சலில் பேசி முடித்துவிடுங்கள்.